பெட்ரோலைப் பனித்துளி ஆக்கிய அநாதைச் சிறுவன்

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் போகும் சாலை. கத்திரி வெயில். உச்சிப் பொழுது.

பழைய மோட்டார் சைக்கிளில் ஒரு தொழிலாளி வருகிறார். காலையில் ஒரே உதையில் கிளம்பிய வண்டி அது. இருபது மைல் தூரம் நிற்காமல் ஓடி வந்திருக்கிறது. சாலை ஓரத்து டீக்கடையில் வண்டியை நிறுத்துகிறார். டீ குடித்துவிட்டு, பத்து நிமிடம் கழித்துத் திரும்புகிறார். வண்டியை உதைக்கிறார். கிளம்பவில்லை. மீண்டும் உதைக்கிறார். ஊகூம்! சட்டை நனைந்ததுதான் மிச்சம். வேலைக்கு நேரம் ஆகிறது.

மெக்கானிக் வருகிறார். அவருடைய கை நேராக ஒரு சின்னக் கருவியின் பக்கம் போகிறது. உள்ளங்கையில் அடங்கும் அளவுதான் அது இருக்கும். அதன் பெயர் கார்புரேட்டர்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு ஊட்டுவது அதன் வேலை. தாய் குழந்தைக்குச் சோறு பிசைந்து ஊட்டுவது போல! பிசைவது சரியாக இருந்தால்தான் என்ஜின் ஓடும்.

இப்படி ஒரு கருவியை அமைத்துக் கொடுத்த மேதை யார்?

ஒரகடத்தில் ஒரு பெரிய லாரித் தொழிற்சாலை இருக்கிறது. 2012-ம் ஆண்டு திறக்கப்பட்டது. பாரத்பென்ஸ் லாரிகள் அங்கேதான் உருவாகின்றன. அந்தக் கம்பெனி, டெய்ம்லர் என்ற ஜெர்மானியரின் பெயரைத் தாங்கியது. டெய்ம்லரின் பெயர் உலகம் எங்கும் பரவி இருக்கிறது. ஆனால் அவருக்கு வலது கையாக இருந்து, இரவு பகலாக உழைத்தவரைப் பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் வில்ஹெல்ம் மேபாக். பத்து வயதில் தாய் தந்தையை இழந்து, அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். அவருடைய வாழ்க்கை வரலாறு இது.

பத்திரிகையில் ஒரு வேண்டுகோள்

ஜெர்மனியில் ஹைல்பிரான் என்ற ஊர். அங்கே 1846-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 9-ந் தேதி மேபாக் பிறந்தார். தந்தை ஒரு தச்சர். குடும்பத்தில் ஐந்து ஆண் பிள்ளைகள்.

பிழைப்பைத் தேடிக் குடும்பம் ஸ்டுட்கார்ட் நகருக்குக் குடி போயிற்று. அங்கே இடி மேல் இடி விழுந்தது. மேபாக்குக்கு 8 வயதாக இருந்தபோது தாய் இறந்தார். இரண்டு ஆண்டு கழித்துத் தந்தையும் இறந்தார்.

ஐந்து பிள்ளைகளும் நடுத்தெருவில் நின்றார்கள். அவர்களுக்காக இரங்கியவர்கள், பத்திரிகையில் ஒரு வேண்டுகோள் வெளியிட்டார்கள். நல்ல மனம் படைத்தவர்கள் இந்தக் குழந்தைகளுக்கு ஆதரவு தர வேண்டும் என்பது அந்த வேண்டுகோள்.

ராய்ட்லிங்கன் என்ற ஊரில் குஸ்தாவ் வெர்னர் என்ற சமயத் தொண்டர் இருந்தார். ஏழைகளுக்காகவும் அநாதைகளுக்காகவும் சகோதர இல்லம் என்ற ஒரு நிலையத்தை நடத்தி வந்தார். சிறுவன் மேபாக்குக்கு அவர் அடைக்கலம் கொடுத்தார்.

அந்த இல்லத்தில் சும்மா உட்கார்ந்து சாப்பிட முடியாது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தொழில் கற்றுக்கொள்ள வேண்டும். மேபாக்கை ரொட்டி சுடும் வேலைக்கு அனுப்புவதாகத்தான் முதலில் இருந்தது. ஆனால் பையனின் கை எப்போதும் எதையாவது வரைந்து கொண்டே இருப்பதை வெர்னர் கவனித்தார். இல்லத்துக்குச் சொந்தமான எந்திரப் பட்டறையில், வரைபடம் போடும் பிரிவில் சேர்த்துவிட்டார்.

பகலில் பட்டறை வேலை. மாலையில் வகுப்பு. கணக்கும் பௌதிகமும் படித்தார். ரொட்டி அடுப்புக்குப் போக இருந்த கை, எந்திரங்களை வரையத் தொடங்கியது.

டெய்ம்லர் வந்தார்

அந்தப் பட்டறையை நடத்துவதற்கு ஒரு என்ஜினீயர் வந்து சேர்ந்தார். அவர்தான் காட்லீப் டெய்ம்லர். மேபாக்கைவிட 12 வயது மூத்தவர்.

1865-ம் ஆண்டு இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. அப்போது மேபாக்குக்கு வயது 19. அதிகம் பேச மாட்டார். வரைபடப் பலகை முன்னால் உட்கார்ந்தால் சாப்பாடுகூட நினைவுக்கு வராது. இந்த வாலிபனின் மூளை சாதாரண மூளை அல்ல என்று டெய்ம்லர் கண்டு கொண்டார்.

அன்று தொடங்கிய நட்பு, டெய்ம்லர் இறக்கும் வரை 35 ஆண்டு நீடித்தது. டெய்ம்லர் எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும், மேபாக்கையும் அழைத்துக் கொண்டார். திட்டம் போடுவது டெய்ம்லர். அதை எந்திரமாக்குவது மேபாக்.

1872-ம் ஆண்டு டாய்ட்ஸ் என்ற இடத்தில் உள்ள என்ஜின் கம்பெனிக்கு டெய்ம்லர் போனார். நிக்கோலஸ் ஆட்டோ என்பவரின் கம்பெனி அது. மேபாக் அங்கே தலைமை வடிவமைப்பாளர் ஆனார். 1876-ம் ஆண்டு ஆட்டோ புதிய என்ஜின் ஒன்றைக் கண்டுபிடித்தார். இழு, அழுத்து, எரி, வெளியே தள்ளு என்று நான்கு அசைவுகளில் வேலை செய்யும் என்ஜின். ஒரகடத்தில் உருவாகும் மோட்டார் சைக்கிள்கள்கூட இந்த நான்கு அசைவில்தான் ஓடுகின்றன.

ஆனால் அந்த என்ஜினுக்கு ஒரு குறை இருந்தது. குழாய் வழியாக வரும் நிலக்கரி வாயுவில்தான் அது ஓடியது. கட்டிப் போட்ட மாடு போல ஓர் இடத்திலேயே நிற்க வேண்டும். அதை அவிழ்த்துச் சாலையில் ஓட விட வேண்டும் என்பது டெய்ம்லர், மேபாக் இருவரின் ஆசை. அதற்கு, கூடவே எடுத்துச் செல்லக்கூடிய எரிபொருள் தேவை. அந்த எரிபொருள்தான் பெட்ரோல். அக்காலத்தில் அது துணியில் படிந்த கறையை நீக்குவதற்காக மருந்துக் கடைகளில் விற்கப்பட்டது!

போலீஸ் சோதனை

1882-ம் ஆண்டு இருவரும் டாய்ட்ஸை விட்டு விலகினார்கள். ஸ்டுட்கார்ட் அருகே உள்ள கான்ஸ்டாட் என்ற ஊருக்கு வந்தார்கள். டெய்ம்லர் வீட்டுத் தோட்டத்தில், செடி வளர்க்கும் கண்ணாடி அறை ஒன்று இருந்தது. அதையே பட்டறை ஆக்கினார்கள்.

இரவு பகலாக உள்ளே இருந்து சத்தம் வந்தது. கதவு எப்போதும் பூட்டியே இருந்தது. தோட்டக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவர்கள் கள்ளப் பணம் அடிக்கிறார்களோ என்று நினைத்துப் போலீசுக்குத் தகவல் கொடுத்தார். போலீசார் வந்து சோதனை போட்டார்கள். கள்ளப் பணம் இல்லை. ஒரு சின்ன என்ஜின்தான் இருந்தது!

1885-ம் ஆண்டு, மரச் சட்டத்தில் அந்த என்ஜினைப் பொருத்தினார்கள். பெட்ரோலில் ஓடிய முதல் மோட்டார் சைக்கிள் என்று சொல்லப்படுவது அதுதான். அரைக் குதிரைச் சக்திதான் அதன் பலம். விழாமல் இருக்க இரண்டு பக்கமும் சின்னச் சக்கரங்கள் இருந்தன.

அந்த ஆண்டு நவம்பரில் டெய்ம்லரின் மகன் பால் அதில் ஏறி, பக்கத்து ஊருக்கு ஓட்டிப் போனான். தூரம் 3 கிலோமீட்டர். என்ஜின், இருக்கைக்கு நேர் கீழே இருந்தது. பெட்ரோலைக் கொளுத்துவதற்காகப் பழுக்கக் காய்ச்சிய குழாய் ஒன்றும் அங்கே இருந்தது. அந்தச் சூட்டில் இருக்கையே தீப்பிடித்தது என்று சொல்வார்கள்.

சூடு இல்லாமல் என்ஜின் இல்லை. ஆனால் சூடு அளவு மீறினால் தொல்லை. இந்தச் சூட்டோடுதான் மேபாக் ஆயுள் முழுவதும் போராடினார்.

கொசு மருந்து பம்பு போல

1890-ம் ஆண்டு, பணக்காரர்கள் சிலர் சேர்ந்து டெய்ம்லரின் பெயரில் கம்பெனி தொடங்கினார்கள். மேபாக்குக்கு நியாயமான இடம் கொடுக்க அவர்கள் முன்வரவில்லை. அவர் சில மாதங்களில் வெளியேறினார். டெய்ம்லர் மனம் உடைந்தார். ஆனாலும் நண்பனைக் கைவிடவில்லை. தன் பணத்தைக் கொடுத்து, ஹெர்மான் ஹோட்டலின் தோட்ட மண்டபத்தில் ஒரு பட்டறை அமைத்தார். மேபாக் அங்கே தொடர்ந்து ஆராய்ச்சி செய்தார். அங்கே பிறந்ததுதான் புதிய கார்புரேட்டர்.

அதற்கு முன் இருந்த கார்புரேட்டர் எப்படி வேலை செய்தது?

ஒரு பாத்திரத்தில் பெட்ரோல் இருக்கும். அதன் மேல் காற்று தவழ்ந்து போகும். ஈரத் துணி காற்றில் உலர்வது போல, பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு சேரும். இதில் பல தொல்லைகள். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கினால் கலவை மாறிவிடும். எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். கனமான பகுதி அடியில் தங்கிவிடும். வண்டி வேகமாக ஓட வேண்டும் என்றால், போதிய ஆவி கிடைக்காது.

மேபாக் யோசித்தார். பெட்ரோல் தானாக ஆவியாகட்டும் என்று ஏன் காத்திருக்க வேண்டும்? அதைத் தூவினால் என்ன?

கொசு மருந்து அடிக்கும் கைப் பம்பைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஒரு மெல்லிய குழாயின் வாய் அருகே காற்று வேகமாகப் பாய்கிறது. குழாயில் உள்ள மருந்து மேலே இழுக்கப்பட்டு, பனித்துளி போல் சிதறுகிறது. மேபாக் அமைத்ததும் இதே முறைதான். என்ஜின் காற்றை இழுக்கிறது. காற்றின் பாதையில் ஊசித் துளை போன்ற ஒரு வாய் இருக்கிறது. அதுதான் ஜெட். காற்று வேகமாகப் போகும்போது, ஜெட்டில் இருந்து பெட்ரோல் பீறிட்டுத் துகளாகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடுகிறது. காற்று குறைந்தால் பெட்ரோலும் குறைகிறது.

ஜெட்டுக்குப் பெட்ரோல் கொடுக்க ஒரு சின்னக் கிண்ணம். கிண்ணத்துக்குள் ஒரு மிதவை. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து மேலே வந்ததும் தண்ணீர் நின்றுவிடுகிறது அல்லவா? அது போலவே, பெட்ரோல் சரியான மட்டத்துக்கு வந்ததும் மிதவை எழும்பி வழியை அடைத்துவிடும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். அந்தக் கணக்குத் தவறாமல் இருக்க இந்த மட்டம் முக்கியம்.

இது நடந்தது 1893-ம் ஆண்டில். அதே ஆண்டில் ஹங்கேரி நாட்டில் பான்கி, சோன்கா என்ற இரண்டு அறிஞர்களும் இதே போன்ற கருவிக்கு உரிமை கேட்டார்கள். ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே வழியைக் கண்டார்கள்.

அதன் பிறகு ஏறக்குறைய நூறு ஆண்டு, உலகத்தில் ஓடிய பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலானவை ஜெட்டும் மிதவையும் உள்ள கார்புரேட்டரையே நம்பி ஓடின.

டீக்கடை வாசலில் நடப்பது என்ன?

இப்போது ஒரகடம் சாலையில் நின்று போன வண்டிக்கு வருவோம்.

வண்டி ஓடும்போது எதிர்க்காற்று என்ஜினைக் குளிர வைக்கிறது. புதிதாக வரும் பெட்ரோலும் காற்றும் கார்புரேட்டரைக் குளிர வைக்கின்றன. வண்டியை நிறுத்தியதும் இவை எல்லாம் நின்றுவிடும். ஆனால் என்ஜினில் உள்ள சூடு உடனே போகாது. அது பக்கத்தில் உள்ள கார்புரேட்டருக்குப் பரவும்.

கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதிக்கும். பால் பொங்குவது போல் பொங்கி, ஜெட் வழியாக வழிந்து, என்ஜினுக்குள் இறங்கும். உள்ளே பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. தீப்பொறி வந்தாலும் பற்றாது. சில வண்டிகளில் இதற்கு நேர் எதிராக நடக்கும். டாங்கியில் இருந்து வரும் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகி, பெட்ரோல் வரும் வழியை அடைத்துவிடும்.

இந்த நேரத்தில் பலர் செய்யும் தவறு, சோக்கை இழுப்பது. சோக் என்பது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் பொறி. விடியற்காலைக் குளிரில் அது உதவும். சூடான என்ஜினில், ஏற்கெனவே பெட்ரோல் வழிந்து கிடக்கும்போது சோக்கை இழுப்பது, அஜீரணக்காரனுக்கு விருந்து வைப்பது போல்தான்.

நல்ல மெக்கானிக் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம் என்று பொருள். அதைத் துடைத்து உலர வைத்து மாட்டுவார். சோக்கை விட்டுவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிக் கொண்டு நாலைந்து முறை உதைப்பார். உள்ளே புகும் காற்று, தேங்கிய பெட்ரோலைத் துடைத்துக் கொண்டு போகும். வண்டி கிளம்பும்.

பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. அப்போது டாங்கி மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறதா, வடிகட்டியில் அழுக்கு இருக்கிறதா, குழாய் என்ஜினைத் தொட்டுக் கொண்டு போகிறதா என்று பார்க்க வேண்டும்.

சில சமயம் கார்புரேட்டர் மேல் குற்றமே இருக்காது. மின்சாரப் பொறியைக் கொடுக்கும் காயில், சூடேறியதும் செத்துப் போகும். குளிர்ந்ததும் பிழைத்துக் கொள்ளும். அதனால் இந்தச் சோதனையைச் சூட்டோடு சூடாகவே செய்ய வேண்டும். மறுநாள் காலையில் பார்த்தால் வண்டியில் எந்தக் குறையும் தெரியாது!

அடிக்கடி இந்தத் தொல்லை வந்தால், மிதவையின் ஊசி தேய்ந்திருக்கலாம். கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே சூட்டைத் தடுக்கும் தடித்த துண்டு ஒன்று இருக்கும். பழுது பார்க்கும்போது அதைத் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கலாம். எதுவாக இருந்தாலும் ஒன்று மட்டும் செய்யக் கூடாது. கொதிக்கும் என்ஜின் மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது. வெடிப்பு விழுந்துவிடும். பெட்ரோல் வாடை வீசும்போது பக்கத்தில் பீடியோ தீக்குச்சியோ கூடாது.

சிறுமியின் பெயரில் கார்

மேபாக்கின் புதிய என்ஜின் நன்றாக ஓடியது. அவரை வெளியேற்றிய கம்பெனி தள்ளாடியது. பிரடெரிக் சிம்ஸ் என்ற வியாபாரி, இங்கிலாந்தில் டெய்ம்லர் என்ஜின் செய்யும் உரிமைக்கு 3,50,000 மார்க் தர முன்வந்தார். ஆனால் டெய்ம்லரைத் திரும்ப அழைத்தால்தான் பணம் என்று நிபந்தனை போட்டார். 1895-ம் ஆண்டு டெய்ம்லர் திரும்பினார். மேபாக்கும் கூடவே போய்ச் சேர்ந்தார்.

1900-ம் ஆண்டு மார்ச் மாதம் டெய்ம்லர் காலமானார். மேபாக் மீண்டும் அநாதை ஆனது போல் தவித்தார். ஆனால் வேலையை நிறுத்தவில்லை.

எமில் எல்லினெக் என்ற பணக்காரர், 36 கார்களுக்கு ஆர்டர் கொடுத்தார். வேகமான கார் வேண்டும், அதற்குத் தன் மகள் பெயரை வைக்க வேண்டும் என்று கேட்டார். சிறுமியின் பெயர் மெர்சிடிஸ். மேபாக் 35 குதிரைச் சக்தி கொண்ட காரை உருவாக்கினார். 1901-ம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் நீஸ் நகரில் நடந்த பந்தயங்களில் அது வெற்றி மேல் வெற்றி பெற்றது.

அந்தக் காரின் முன்பக்கத்தில், தேன்கூடு போன்ற ஒரு பெட்டி இருந்தது. அதில் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட சின்னக் குழாய்கள். குழாய்களின் வழியாகக் காற்று புகுந்து, என்ஜினின் சூட்டை வாங்கி வந்த தண்ணீரைக் குளிர வைத்தது. இருக்கையைக் கொளுத்திய சூட்டை, 15 ஆண்டு கழித்து மேபாக் அடக்கிவிட்டார். ஒரகடத்தில் இருந்து புறப்படும் ஒவ்வொரு லாரியின் முகத்திலும், அந்தத் தேன்கூட்டின் வாரிசான ரேடியேட்டர் இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் அவரை வடிவமைப்பாளர்களின் அரசர் என்று போற்றினார்கள்.

கடைசிக் காலம்

ஆனால் சொந்தக் கம்பெனியில் அரசருக்கு மதிப்பு இல்லை. டெய்ம்லர் போன பிறகு, மேபாக்குக்காகப் பேச ஆள் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவரை ஒதுக்கினார்கள். 1907-ம் ஆண்டு, 61-வது வயதில் அவர் வெளியேறினார். அவர் உருவாக்கிய கார் ஒரு சிறுமியின் பெயரில் ஓடியது. கம்பெனி நண்பரின் பெயரில் நடந்தது.

மேபாக் மனம் தளரவில்லை. செப்பலின் பிரபு அப்போது ஆகாயக் கப்பல் கட்டிக் கொண்டிருந்தார். 1908-ம் ஆண்டு அவருடைய கப்பல் ஒன்று விபத்தில் எரிந்து போனது. அதற்கு நல்ல என்ஜின் செய்து தர மேபாக் முன்வந்தார். 1909-ம் ஆண்டு புதிய என்ஜின் கம்பெனி பிறந்தது. அதை நடத்தியவர் மேபாக்கின் மகன் கார்ல். பிறகு கார்ல், மேபாக் என்ற பெயரிலேயே கார்கள் செய்தார். ரொட்டி சுடப் போக இருந்த பையனின் பெயர், உலகத்தின் விலை உயர்ந்த கார்களில் பொறிக்கப்பட்டது.

1929-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி மேபாக் இறந்தார். வயது 83. டெய்ம்லர் உறங்கும் அதே கான்ஸ்டாட் கல்லறைத் தோட்டத்தில்தான் அவரும் அடக்கம் செய்யப்பட்டார். 19 வயதில் சேர்ந்த நட்பு, அங்கேயும் பிரியவில்லை.

2020-ம் ஆண்டு நம் நாட்டில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாயின. அதன் பிறகு வரும் மோட்டார் சைக்கிள்களில், கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துப் பெட்ரோலைத் தெளிக்கிறது. கார்புரேட்டர் ஓய்வு பெற்று வருகிறது. ஆனால் பழைய வண்டிகளிலும், சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டரிலும், வயலில் மருந்து தெளிக்கும் எந்திரத்திலும் அது இன்னும் உழைக்கிறது.

டீக்கடை வாசலில், மெக்கானிக் பிளக்கைத் துடைத்து மாட்டிவிட்டார். தொழிலாளி ஆக்சிலேட்டரைத் திருகிக் கொண்டு உதைக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது உதையில் வண்டி உறுமுகிறது. சங்கு ஊதுவதற்குள் அவர் தொழிற்சாலைக்குப் போய்விடலாம்.